சிறுத்தை பிறந்த ஊரில் கொக்கிப்புழு



அய்யாவின் நினைவுச் சொற்பொழிவில் இலக்கியமோ பண்பாடோ பேசுவதுதான் இந்த அமைப்பின் வழக்கம். இந்த ஆண்டு என்னை அழைத்தபோது, மலத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். "அதைப் பேசாம நம்ம வரலாறு எங்க முடியுது, பேசுங்க" என்றார்கள். அந்தத் துணிச்சலில் வந்திருக்கிறேன். மலத்தில் இருக்கும் ஒரு புழு, அந்தப் புழுவைக் கண்டுபிடிக்கும் ஒரு பரிசோதனை, அந்தப் பரிசோதனையின் முடிவை யார் யார்மீது சுமத்துகிறார்கள் என்ற வரலாறு, இவ்வளவுதான் பேச்சு. நடக்கும் இடம் பெரும்பாலும் அமெரிக்கா. ஆனால் அந்த ஊர் நமக்கு அந்நியமில்லை.

நம் சேரிச் சுவர்களில் பாயும் சிறுத்தை எங்கிருந்து வந்தது என்று இங்கிருக்கும் மாணவர்களைக் கேட்டால், 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ராஜா தாலேவும் ஜே.வி. பவாரும் தொடங்கிய தலித் பேந்தர்ஸ் என்பார்கள். அது 1980களில் மலைச்சாமியால் மதுரைக்கு வந்த கதையையும் சொல்வார்கள். இன்னும் பின்னால் போனால் 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய கருஞ்சிறுத்தைக் கட்சி. பெரும்பாலும் அங்கே நிறுத்திவிடுகிறோம். ஆனால் ஓக்லண்ட் தோழர்கள் அந்தச் சின்னத்தை எடுத்துக்கொண்டது தெற்கே அலபாமா மாநிலத்தின் லவுண்ட்ஸ் கவுண்டியிலிருந்து. கவுண்டி என்பதை நம் மாவட்டம்போல, ஆனால் மக்கள்தொகையில் ஒரு தாலுகாவைவிடவும் சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1965 தொடங்கும்போது லவுண்ட்ஸ் மக்களில் 100க்கு 80 பேர் கறுப்பர்கள். வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர்கூட இல்லை. வெள்ளையர் பட்டியலிலோ, வயதுவந்த வெள்ளையர்களின் எண்ணிக்கையைவிட அதிகமான பெயர்கள் இருந்தன. செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். அந்த ஆண்டு மார்ச் மாதம் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்குப் போன புகழ்பெற்ற வாக்குரிமைப் பேரணி இந்தக் கவுண்டியின் நடுவே போகும் 80ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் நடந்தது. பேரணி முடிந்த இரவே வயோலா லியுஸோ என்ற பெண் அந்தச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உள்ளூர்க்காரரான ஜான் ஹியூலெட்டும் மாணவர் இயக்கத்திலிருந்து வந்த ஸ்டோக்லி கார்மைக்கேலும் சேர்ந்து லவுண்ட்ஸ் கவுண்டி சுதந்திர அமைப்பு என்ற தனிக் கட்சியைக் கட்டினார்கள். எழுத்தறியாதவர்களுக்காகக் கட்சிகளுக்குச் சின்னம் தேவைப்பட்டது. அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல், அதோடு வெள்ளை மேலாதிக்கம் என்ற வாசகம், வெளிப்படையாகவே. அதற்கு எதிரே இவர்கள் கருஞ்சிறுத்தையை வைத்தார்கள். ஓட்டுரிமை கேட்ட குத்தகை விவசாயிகளை நிலவுடைமையாளர்கள் வீட்டைவிட்டு விரட்டியபோது, நெடுஞ்சாலையோரம் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். 1966 நவம்பர் தேர்தலில் சிறுத்தை வேட்பாளர்கள் அத்தனைபேரும் தோற்றார்கள். 1970இல் ஹியூலெட் அந்தக் கவுண்டியின் ஷெரீப்பாக, அதாவது காவல் தலைவராக, வென்றார்.

அதே ஊரில், ஓட்டுரிமை வாங்கி அரை நூற்றாண்டு கழித்து, வீட்டுக் கழிவறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் புறப்பட்டுக் கொல்லைப்புறத்துப் பள்ளத்தில் மலத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் அல்ல, பல வீடுகளில். பாதாளச் சாக்கடை நகராட்சிக்கு உள்ளே மட்டும். வெளியே இருப்பவர்கள் தாங்களே செப்டிக் டேங்க் போட்டுக்கொள்ள வேண்டும். பிரச்சினை மண்ணில். அந்த வட்டாரத்துக்கே கருமண் பட்டை என்றுதான் பெயர். பருத்தி நன்றாக விளையும், அதனால்தான் அடிமைகளை அங்கே கொண்டுவந்து குவித்தார்கள். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துத் தோழர்களுக்கு இந்த மண்ணைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கரிசல் போலவே காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே இறங்காது. சாதாரண செப்டிக் டேங்க் அங்கே வேலை செய்யாது. வேலை செய்யும் வகையைப் போட ஆகும் செலவு, பலருடைய வீட்டின் மதிப்பைவிட அதிகம். மழை பெய்தால் கழிவு குளியல் தொட்டி வழியாக வீட்டுக்குள்ளேயே பொங்கி வரும்.

மாநில அரசு இதற்குச் செய்தது என்ன? செப்டிக் டேங்க் போடாதவர்கள்மீது வழக்குப் போட்டது. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் ஏழைக் குடும்பங்களுக்கு அபராதமும் கைது மிரட்டலும் வந்தன. காசில்லாமல் கழிவறை கட்ட முடியாதவர் குற்றவாளி. திறந்தவெளியில் மலம் கழித்தவர்களை விரட்டி விசிலடித்து அவமானப்படுத்திய நம் நாட்டுத் தூய்மைப் படைகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அந்த ஊரிலேயே வளர்ந்த கேத்தரின் கோல்மன் பிளவர்ஸ் இந்தக் குடும்பங்களோடு வேலை செய்தவர். கழிவுநீர்க் குட்டை ஒன்றின் அருகே நின்று ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தபோது கொசுக்கள் அவரைக் கடித்தன. பிறகு உடம்பெல்லாம் தடிப்பு. ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. அமெரிக்க மருத்துவர்கள் தேடவே நினைக்காத ஏதோ ஒன்று எனக்கு வந்திருக்குமோ என்று அவர் யோசித்தார். எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. மருத்துவத்துக்குத் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, தேடவில்லை என்றும் இருக்கலாம் என்ற சந்தேகம் ஒரு களப்பணியாளருக்கு வந்தது. ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரியின் பீட்டர் ஹோட்டெஸ், அமெரிக்காவின் ஏழைகளிடம் வெப்பமண்டல நோய்கள் இருக்கின்றன என்று எழுதியதைப் படித்துவிட்டு அவரைத் தொடர்புகொண்டார். அங்கிருந்த ரொஜெலியோ மெஜியாவின் குழு லவுண்ட்ஸ் மக்களின் மலத்தைப் பரிசோதித்தது. 2017இல் முடிவு வெளிவந்தது. மலம் கொடுத்த 55 பேரில் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் தடயம். 100க்கு 34 பேருக்கு மேல். தொற்றே ஒழிந்துவிட்டதாகப் பாடப்புத்தகங்கள் சொன்ன நாட்டில்.

இங்கே கொஞ்சம் அறிவியல் பேச வேண்டியிருக்கிறது. கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியேறும். ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் பொரிந்து இளம்புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். இதை முதலில் உணர்ந்தவர் கெய்ரோவில் வேலை செய்த ஆர்தர் லூஸ். 1898இல் புழுக்கள் இருந்த நீர் தற்செயலாகத் தன் கையில் சிந்தியதும், அரிப்பெடுத்ததும், பின்னால் தன் மலத்திலேயே முட்டைகளைக் கண்டதும் அவருக்கு வழிகாட்டின. உள்ளே போன புழு ரத்தத்தில் மிதந்து நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் போய்க் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது நாளொன்றுக்கு மிகக் கொஞ்சம். நிறையச் சேர்ந்தால்தான் ரத்தசோகை, குழந்தைக்கு வளர்ச்சிக் குறைவு, கர்ப்பிணிக்கு ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்கும் பழைய முறை நுண்ணோக்கி. உலகமெங்கும் இன்றும் களத்தில் இருப்பது கேட்டோ-காட்ஸ் என்ற முறை. ஏறத்தாழ 42 மில்லிகிராம் மலத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கிளிசரின் ஊறிய தாளால் அழுத்தி, முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். மலிவானது, மின்சாரம் அதிகம் வேண்டாம். ஆனால் கொக்கிப்புழுவின் முட்டை மெல்லிய ஓடு கொண்டது. தகட்டைத் தயாரித்து ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் கிளிசரினில் கரைந்ததுபோல் மறைந்துவிடும். மாலையில் பார்த்தால் ஊரில் கொக்கிப்புழுவே இல்லை! குறைவான புழுக்கள் உள்ளவர்களையும் இந்த முறை தவறவிடும்.

மூலக்கூறுப் பரிசோதனை முட்டையைத் தேடாது, அதன் டி.என்.ஏ.வைத் தேடும். கொரோனா காலத்தில் நாமெல்லோரும் மூக்கைக் காட்டி நின்ற அதே பி.சி.ஆர். முறைதான். மலத்தை நுண்மணிகளோடு குலுக்கி முட்டையின் ஓட்டை உடைப்பார்கள். வெளிவரும் டி.என்.ஏ.வில் அந்தப் புழுவுக்கே உரிய துண்டை மட்டும் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருக்குவார்கள். 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டும். எத்தனையாவது சுற்றில் தென்பட்டது என்பதை வைத்து, இருந்தது அதிகமா குறைவா என்று கணிப்பார்கள். நுண்ணோக்கியில் எல்லாக் கொக்கிப்புழு முட்டைகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். பி.சி.ஆர். இனம் பிரித்துச் சொல்லும். நாயிடமிருந்து மனிதருக்கு வரும் ஓர் இனமும் உண்டு, அதற்குச் சிலோன் பெயரையே வைத்திருக்கிறார்கள். மனிதருக்கு மட்டும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த இனம் போகாது என்பதால் இந்தப் பிரிப்பு வெறும் படிப்பாளிகளின் ஆசையல்ல.

அதே கூர்மையில்தான் சிக்கலும். தடயம் இருக்கிறது என்று பி.சி.ஆர். சொல்லும், நோய் இருக்கிறது என்று சொல்லாது. லவுண்ட்ஸில் கிடைத்த தடயங்கள் மிகக் குறைந்த அளவில் இருந்தன. அலபாமாவின் சுகாதாரத் துறை இதைப் பிடித்துக்கொண்டது. இந்தச் சோதனைமுறை நோயறிதலுக்காக அங்கீகரிக்கப்பட்டதல்ல, அளவும் அற்பம் என்றது. பின்னர் அதே கருமண் வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்த பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதில் கொக்கிப்புழு கிடைக்கவில்லை.

நம் மேடைகளில் முதல் ஆய்வை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம். நானே இரண்டு கூட்டங்களில் அப்படிச் செய்திருக்கிறேன், பிறகுதான் படித்தேன். 55 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதுவும் மிக மோசமான நிலையில் வாழ்ந்தவர்களைத் தேடிப்போய் எடுத்தது. அதை வைத்து அலபாமா முழுக்கப் புழு என்று சொல்ல முடியாது. அந்த ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு எண் இருக்கிறது. கேள்வி கேட்கப்பட்டவர்களில் 100க்கு 42 பேருக்கு மேல், தங்கள் வீட்டுக்குள்ளேயே கழிவு பொங்கி வருகிறது என்றார்கள். அதைக் கண்டறிய பி.சி.ஆர். தேவைப்படவில்லை. அந்த எண்ணை எந்த மாநில அதிகாரியும் மறுக்கவுமில்லை. அது செய்தியாகவும் இல்லை. புழு என்றதும்தான் உலகப் பத்திரிகைகள் வந்தன. அந்த டிசம்பரில் ஐ.நா.வின் வறுமை குறித்த சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து அந்தக் குட்டைகளைப் பார்த்தார்.

எதைக் கண்டுபிடிக்கிறோம் என்பதைவிட, கண்டுபிடித்ததை யார் கணக்கில் எழுதுகிறார்கள் என்பதுதான் இந்தப் புழுவின் வரலாறு முழுக்க ஓடுகிறது. 1902இல் சார்லஸ் வார்டெல் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியலாளர், அமெரிக்கத் தெற்கில் பரவியிருந்த கொக்கிப்புழு ஒரு தனி இனம் என்று அறிவித்தார். அதன் இன்றைய அறிவியல் பெயருக்கு அமெரிக்கக் கொலைகாரன் என்று பொருள். பத்திரிகைகள் வைத்த பெயர் வேறு: சோம்பேறித்தனத்தின் கிருமி. ஏழை வெள்ளையர்கள் சோர்ந்து வெளிறிக் கிடப்பதற்குக் காரணம் பிறவிக் குணமல்ல, புழு என்று அறிவியல் சொன்னபோது, அந்த வெள்ளையர்களுக்கு அது விடுதலை. மாத்திரை போட்டால் மீண்டும் முழு வெள்ளையராகிவிடலாம். கறுப்பர்களுக்கு? ஸ்டைல்ஸ் எழுதியது என்னவென்றால், இந்தப் புழு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்தது, கறுப்பர்களை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை, ஆனால் அவர்கள் அதைச் சுமந்து பரப்புகிறார்கள். ஒரே நுண்ணோக்கி, ஒரே முட்டை. ஒருவரை நோயாளியாகவும் இன்னொருவரை நோயின் கிடங்காகவும் காட்டியது. கப்பலின் அடித்தளத்தில் சங்கிலி போட்டு மலத்தோடு கிடத்திக் கொண்டுவந்தது யார் என்ற கேள்வி அந்தக் கட்டுரைகளில் எழவில்லை.

1909இல் எண்ணெய் முதலாளி ஜான் டி. ராக்பெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து ஒரு சுகாதார ஆணையம் அமைத்தார். 11 தென்மாநிலங்கள், ஐந்தாண்டுகள். பரிசோதித்த குழந்தைகளில் 100க்கு 40 பேருக்குப் புழு. தைமாலும் பேதி உப்பும் கொடுத்து ஏறத்தாழ 7 லட்சம் பேருக்கு மருத்துவம் செய்தார்கள். சாதனைதான். ஆனால் கழிப்பிடம் கட்டுவது அந்த வேகத்தில் நடக்கவில்லை. மருந்து குடித்துவிட்டு அதே மண்ணில் வெறுங்காலோடு திரும்பி நடந்தவர்களுக்குப் புழு திரும்ப வந்தது.

அடுத்து அந்தப் பணம் கடல் தாண்டியது. 1916இல் ராக்பெல்லரின் பன்னாட்டுச் சுகாதார வாரியம் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது. அங்கே லயன் அறைகளில் இருந்தவர்கள் யார் என்று இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை. சென்னை மாகாணத்துச் சேரிகளிலிருந்து கங்காணிகள் கடனில் கட்டிக் கூட்டிப்போன பறையர், பள்ளர், சக்கிலியர் குடும்பங்கள் அவர்களில் பெரும்பகுதி. தோட்டத்துரைகளின் பேச்சு ஸ்டைல்ஸின் பேச்சுதான்: நோய் இந்தியாவிலிருந்து கூலிகள் கொண்டுவருவது. செனோபோடியம் எண்ணெய் கொடுத்துப் புழுவை வெளியேற்றினால் கூலி நிறையக் கொழுந்து பறிப்பான் என்பது துரைக்குப் புரிந்தது, அதற்கு ஒத்துழைத்தார். கக்கூஸ் கட்டச் சொன்னபோது, செலவு யாருடையது என்று இழுத்தடித்தார். கூலிகள் கட்டினாலும் பயன்படுத்த மாட்டார்கள் என்றார். நூறாண்டு கழித்தும் நம் ஊராட்சி மன்றங்களில் கேட்கும் வாக்கியம் அது. தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆய்வு செய்யும் மாணவர்கள் கங்காணிக் கணக்கைப் போலவே இந்தக் கக்கூஸ் கணக்கையும் தேட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் கருச்சிதைந்ததும் பிரசவத்தில் செத்ததும் எவ்வளவு தூரம் இந்த ரத்தசோகையோடு சேர்ந்தது என்பதை யாராவது எழுத வேண்டும்.

இன்று தமிழ்நாட்டில் மூலக்கூறுப் பரிசோதனை புழுவரை வந்துவிட்டது. டிவார்ம்3 என்ற பன்னாட்டு ஆய்வின் இந்தியக் களம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வழியாகத் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடந்தது. பள்ளிக் குழந்தைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுக்காமல் ஊரில் எல்லோருக்கும் கொடுத்தால் பரவலை நிறுத்த முடியுமா என்பது கேள்வி. புழு குறைந்துபோன ஊரில் நுண்ணோக்கி தவறவிடும் என்பதால் அங்கே பி.சி.ஆர். வேண்டியிருந்தது. இங்கே முதன்மையாக இருப்பது கொக்கிப்புழுதான். 2015 முதல் பள்ளிகளில் குடற்புழு நீக்க நாள் கொண்டாடி அல்பெண்டசோல் கொடுக்கிறோம். வயலில் வெறுங்காலோடு நிற்கும் அம்மாவும் சாக்கடையில் இறங்கும் அப்பாவும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

மலமும் டி.என்.ஏ.வும் என்று சொன்னதும் இந்த அவையில் எல்லோருக்கும் வேறொரு ஊர் நினைவுக்கு வந்திருக்கும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. 2023இல் மரபணுப் பரிசோதனைக்கு நீதிமன்றம் அனுமதித்த 11 பேரில் பெரும்பாலோர் அந்தத் தண்ணீரைக் குடித்த வேங்கைவயல்காரர்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகையும் அவ்வூர்க்காரர்கள் மூவர்மீதே வந்தது. மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கின் உள்விவரத்துக்குள் நான் போகவில்லை. கருவி ஒன்றுதான். லவுண்ட்ஸில் அது பாதிக்கப்பட்டவர்களின் கையில் மனுவானது, இங்கே அவர்கள் விரலை நீட்ட வேண்டிய ஊசியானது.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். நாங்கள் வேலை செய்யும் ஒரு காலனிக்கு ஊர்த்தெருவின் சாக்கடை முழுவதும் வந்து முடிகிறது. மழைக்காலத்தில் குழந்தைகள் அதற்குள்தான் நடந்து பள்ளிக்குப் போகிறார்கள். வடிகால் கேட்டு மனு கொடுத்தபோது, அதிகாரி ஒருவர், "நோய் வருதுன்னு சொல்றீங்களே, லேப் ரிப்போர்ட் இருக்கா?" என்றார். எனக்கு அப்போது லவுண்ட்ஸ்தான் நினைவுக்கு வந்தது, உற்சாகமாகத் திரும்பி வந்து, மலமாதிரி எடுக்கலாம், தெரிந்த ஆய்வகம் இருக்கிறது என்று கூட்டம் போட்டு விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு ஓர் ஆயா கேட்டார்: "ஏங் கண்ணு, புழு இல்லன்னு வந்துட்டா சாக்கடைய அப்படியே உட்டுடுவாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு அந்த மனுவைத் திரும்ப எழுதினோம். முதல் பத்தியில் நோய் இல்லை, சாக்கடை இருக்கிறது. எந்தத் தெருவில் தொடங்குகிறது, எத்தனை வீட்டுக் கழிவு, எந்த இடத்தில் காலனிக்குள் நுழைகிறது, எந்த ஆண்டு யார் அந்த மட்டத்தை வெட்டினார்கள் என்று வரைபடத்தோடு. பரிசோதனையையும் விடவில்லை. புழு இருக்கும் குழந்தைக்கு மாத்திரை வேண்டும், இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது அந்தக் குழந்தையின் உரிமை. முடிவு எப்படி வந்தாலும் அது மனுவின் பின்னிணைப்பாக மட்டும் போகும் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானித்தோம்.

லவுண்ட்ஸ் கதையின் பிற்பகுதியும் உண்டு. 2021 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை, 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்தின் கீழ் அலபாமா சுகாதாரத் துறைமீது விசாரணை தொடங்கியது. கழிவுநீர் நிறவெறிப் பாகுபாடாக விசாரிக்கப்பட்டது. 2023 மே மாதம் ஒப்பந்தம் ஏற்பட்டது: செப்டிக் டேங்க் இல்லாதவர்கள்மீது தண்டனை நடவடிக்கையை நிறுத்த வேண்டும், எந்தெந்த வீட்டுக்கு என்ன தேவை என்று கணக்கெடுத்துத் திட்டம் போட வேண்டும். கவனித்துப் பாருங்கள், அந்த ஒப்பந்தம் புழுவின் எண்ணிக்கையில் நிற்கவில்லை. குழாய் எங்கே போகிறது, அந்த வீட்டில் இருப்பவர் யார் என்பதில் நின்றது. 2025 ஏப்ரலில், அரசு மாறிய பிறகு, பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிரான அதிபர் ஆணையைக் காட்டி நீதித்துறை அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. கரிசலைப் போன்ற அந்த மண்ணில் உள்ளூர் அமைப்புகள் இப்போதும் வீடு வீடாக டேங்க் பதித்துக்கொண்டிருக்கின்றன.

எங்கள் காலனியில் மலமாதிரி எடுக்கும் முகாம் அடுத்த மாதம். வரைபடம் இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. அளவு நாடா பிடிக்கத் தெரிந்த மாணவர்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் உதவியாக இருக்கும். காலுக்குச் செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள்.